மதிப்புப் பெறாத அட்டைகள்: அமெரிக்கப் பேஸ்போல் சேகரிப்பு மரபு பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அச்சமூகம் கருத்துடன் பேணிவைத்த சான்றுகளையே முதலில் நாடுவர். சாசனங்கள், அரச ஆவணங்கள், நினைவுச் சின்னங்கள் முதலியன பிற்காலத்தார் காணவேண்டும் என்ற நோக்குடனேயே ஆக்கப்பட்டவை. ஆயின் பேணப்பட வேண்டும் என்று எவருமே எண்ணாத பொருட்களும் உள. பயணச் சீட்டு, தீப்பெட்டியின் மேலொட்டு, கடைக்காரர் விநியோகித்த விளம்பரத் துண்டு என்பன இவ்வகையின. தம்மை உயர்த்திக் காட்டும் முயற்சி எதுவும் இவற்றில் இல்லாமையால், அன்றாட வாழ்வைப் பற்றி இவை கூறும் செய்தி பல சமயங்களிற் சாசனங்கள் கூறுவதினும் நம்பத்தக்கதாக அமைந்துவிடுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பேஸ்போல் ஆட்டக்காரரின் உருவம் பொறித்து வெளியிடப்பட்ட சிறு அட்டைகள் இவ்வாறான சான்றுகளுள் ஒன்றாகும்.

உள்ளங்கையுள் அடங்கும் இவ்வட்டையின் முன்புறத்தில் ஆட்டக்காரரின் படமும் பின்புறத்தில் விளம்பரமோ ஆட்டக் குறிப்போ காணப்படும். முதலிற் சிகரெட் பெட்டிகளிலும், பின்னர் இனிப்புப் பண்டங்களிலும், அதன் பின்னர் சுயிங்கம் பொதிகளிலும் இவை இலவசமாக வைத்துக் கொடுக்கப்பட்டன. இலவசமாக வந்த இத்தகைய அட்டையொன்று 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 12.6 மில்லியன் டொலருக்கு ஏலத்தில் விலைபோயிற்று. இச்செய்தியை மட்டும் கேட்போர், அட்டை சேகரித்தல் செல்வந்தரின் சூதாட்டம் என்ற முடிவுக்கு வருதல் இயல்பே. ஆனால் சேகரிப்பாளருட் பெரும்பான்மையோர் அவ்வுயர்ந்த அட்டைகளைக் கண்ணாலும் கண்டதில்லை. அவர்களுட் கணிசமானோர் சந்தை பொருட்படுத்தாத பழைய அட்டைகளையே விரும்பித் தேடுகின்றனர். இவ்விருப்பம் வெறும் மலிவு கருதியதா, அன்றி அதற்குள் ஒரு வரலாற்று நோக்கு உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிகரெட் பெட்டியிற் பிறந்த அட்டை

பேஸ்போல் அட்டையின் தோற்றத்தை விளங்கிக்கொள்வதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் புகையிலைத் தொழில் அடைந்த மாற்றத்தை நோக்குதல் அவசியமாகும். 1881இல் ஜேம்ஸ் பொன்சாக் என்பார் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை தொழிலாளர் கையாற் சுற்றிவந்த சிகரெட்டை அவ்வியந்திரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120,000 என்ற அளவில் உற்பத்தி செய்தது. உற்பத்தி பெருகவே, அதனை விற்கும் போட்டியும் பெருகிற்று. மென்மையான பொதிகளில் சிகரெட் நசுங்காதிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை வைக்கப்படுவது வழக்கம். வெறுமையாகக் கிடந்த அவ்வட்டையிற் படம் ஒன்றைப் பொறித்தால் அதற்காகவே பொதியை வாங்குவோர் உளர் என்பதை உற்பத்தியாளர் விரைவிற் கண்டுகொண்டனர். நடிகையர், பறவைகள், பல நாட்டுக் கொடிகள் என்பவற்றோடு பேஸ்போல் ஆட்டக்காரரும் அட்டையில் ஏறினர்.

வேர்ஜீனியா மாநிலத்தின் றிச்மன்ட் நகரிலிருந்த அலன் அன்ட் ஜின்ரர் நிறுவனம் வண்ணக் கல்லச்சில் வெளியிட்ட ஐம்பது வீரர் கொண்ட தொகுதியிற் பத்துப்பேர் பேஸ்போல் ஆட்டக்காரராவர். குத்துச்சண்டை வீரரோடும் துப்பாக்கி சுடுவதில் வல்ல அனி ஓக்லி என்ற பெண்மணியோடும் அவர்கள் சரிசமமாக அதில் இடம்பெற்றனர். நியூயோர்க்கின் குட்வின் நிறுவனம் 'ஓல்ட் ஜட்ஜ்' என்ற தனது சிகரெட்டுக்காக 1887 தொடக்கம் 1890 வரை வெளியிட்ட அட்டைகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர் காணப்படுகின்றனர். அக்கால நிழற்படக் கருவியால் ஓடும் மனிதனைப் பிடிக்க இயலாமையின், ஆட்டக்காரர் நிழற்பட நிலையத்தினுள் வர்ணத் திரையின் முன் நிறுத்தப்பட்டனர். பந்து நூலிற் கட்டித் தொங்கவிடப்பட்டது. அதனைப் பிடிப்பவர் போல் அவர்கள் அசையாது நின்றனர். உற்றுநோக்கின் சில அட்டைகளில் அந்நூலையும் காணலாம். ஆட்டத்தின் வரலாறு மட்டுமன்றி நிழற்படக் கலையின் வரலாறும் அந்நூலில் தொங்குகின்றது எனலாம்.

1890இல் ஐந்து பெரும் நிறுவனங்கள் ஜேம்ஸ் டியூக் என்பாரின் தலைமையில் இணைந்து அமெரிக்கப் புகையிலைக் கம்பனியாயின. போட்டி ஒழிந்ததும் அட்டைகளும் அருகின. ஏகபோகம் நிலைபெற்ற பின்னர் வாங்குவோரைக் கவர்ந்திழுக்க வேண்டிய தேவை இல்லாமற் போனமையே இதற்குக் காரணமாகும். பின்னர் புதிய போட்டிகள் தலைதூக்கியபோது 1909 தொடக்கம் 1911 வரை அதே கம்பனி மாபெருந் தொகுதி ஒன்றை வெளியிட்டது. இன்று 'ரி-206' என அழைக்கப்படும் அத்தொகுதியில் 524 அட்டைகள் உள்ளன எனச் சேகரிப்பாளர் கணக்கிடுவர். அவற்றின் பின்புறத்திற் பதினாறு வகைப் புகையிலைப் பொருட்களின் விளம்பரங்கள் காணப்படுகின்றன. 1911இல் ஐக்கிய நாடுகளின் உயர்நீதிமன்றம் அக்கம்பனியைக் கலைக்குமாறு தீர்ப்பளித்தது. இவ்வாறு நோக்குமிடத்து, அட்டையின் ஏற்றமும் இறக்கமும் முதலாளித்துவப் போட்டியின் ஏற்ற இறக்கத்தையே பிரதிபலித்தன என்பது புலனாகும்.

சிறுவர் கைக்கு மாறிய அட்டை

இரண்டாம் கட்டத்தில் அட்டையின் உரிமையாளர் மாறினர். புகைபிடிக்கும் வளர்ந்தோரிடமிருந்து அது இனிப்பு வாங்கும் சிறுவரின் கைக்குச் சென்றது. 1914, 1915ஆம் ஆண்டுகளில் கிராக்கர் ஜாக் என்ற தின்பண்டப் பெட்டியில் அட்டைகள் வைக்கப்பட்டன. 1933இல் பொஸ்ரன் நகரின் கௌடி கம்பனி ஒரு சதத்துக்கு ஒரு துண்டு சுயிங்கமும் ஓர் அட்டையும் விற்றது. அமெரிக்கத் தொழிலாளருள் நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்த பெருமந்த காலத்தில், ஒரு சதம் கொடுத்துச் சிறுவன் ஒருவன் பெறக்கூடியதாயிருந்த செல்வம் அதுவாகும்.

அத்தொகுதியின் இலக்கங்கள் 240 வரை சென்றபோதும் 106ஆம் இலக்க அட்டை மட்டும் எப்பொதியிலும் இருக்கவில்லை. அதனைத் தேடிச் சிறுவர் மேலும் மேலும் பொதிகளை வாங்கினர். முறைப்பாட்டுக் கடிதங்கள் வந்தபின், 1934இல், பல ஆண்டுகளுக்கு முன்னரே ஓய்வுபெற்றிருந்த நப் லஜோய் என்ற ஆட்டக்காரரின் படத்துடன் அவ்வட்டை அச்சிடப்பட்டு, கேட்டு எழுதியோருக்கு அனுப்பிவைக்கப்பட்டது. அருமை என்பது எப்போதும் இயற்கையாய் அமைவதன்று. அது ஆக்கப்படுவதும் உண்டு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிலடெல்பியாவின் போமன் கம்பனியும் நியூயோர்க் புறூக்ளின் பகுதியின் ரொப்ஸ் கம்பனியும் இத்துறையில் மோதிக்கொண்டன. ஓர் ஆட்டக்காரர் தமது படத்தை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதாக வழங்க முடியுமா என்பது பற்றி எழுந்த வழக்கில், 1953இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. ஒருவரின் உருவத்தைப் பகிரங்கமாகப் பயன்படுத்துவதற்கு அவரிடம் தனியானதோர் உரிமை உண்டு என்ற கோட்பாடு அத்தீர்ப்பினாலேயே அமெரிக்கச் சட்டத்தில் வேரூன்றிற்று. சிறுவரின் சுயிங்கம் பொதியிலிருந்து பெருஞ் சட்டக் கோட்பாடொன்று பிறந்தமை வியப்புக்குரியதே. 1956இல் ரொப்ஸ், போமனை விலைக்கு வாங்கியதும் மீண்டும் ஏகபோகம் தோன்றிற்று. அதன் கீழ் ஓர் ஆட்டக்காரர் தமது படத்துக்காக ஆண்டொன்றுக்குப் பெற்றது 125 டொலர் மாத்திரமே. உருக்குத் தொழிலாளர் சங்கத்திற் பொருளியலாளராகப் பணியாற்றிய மாவின் மில்லர் 1966இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமையை ஏற்றபின், 1968இல் அத்தொகை இரட்டிப்பானதோடு விற்பனையில் ஒரு வீதமும் ஆட்டக்காரருக்குக் கிடைத்தது. அட்டையிற் சிரிக்கும் முகங்களுக்குப் பின்னால் உழைப்பும் கூலியும் பற்றிய ஒரு போராட்டம் இருந்தமை இதனால் தெளிவாகின்றது.

விலை பிறந்த விதம்

12.6 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது 1952ஆம் ஆண்டின் ரொப்ஸ் தொகுதியில் 311ஆம் இலக்கத்தைப் பெற்ற மிக்கி மான்ரிலின் அட்டையாகும். அவ்வட்டை அவ்வளவு அருமையானதா என்பதே ஈண்டு எழும் வினா.

அத்தொகுதி 407 அட்டைகள் கொண்டது. கோடைகாலம் முழுவதும் பகுதி பகுதியாக அது வெளிவந்தது. 311 முதல் 407 வரையான இறுதிப் பகுதி கடைகளை அடைந்தபோது பேஸ்போற் பருவம் முடிவை நெருங்கியிருந்தது. சிறுவரின் நாட்டம் வேறு ஆட்டங்களை நோக்கித் திரும்பியமையால் அட்டைகள் விலைபோகாது தேங்கின. ஆண்டுகள் பல கழிந்தபின், 1960இல், தேங்கிக் கிடந்த பெருந்தொகைப் பெட்டிகளைப் படகில் ஏற்றிச்சென்று அத்திலாந்திக் சமுத்திரத்திற் கொட்டியதாக, அத்தொகுதியை வடிவமைத்தவருள் ஒருவரான சை பேர்கர் பிற்காலத்திற் கூறியுள்ளார். கடலில் மூழ்கியமையே இவ்வட்டைகளின் அருமைக்கு ஒரு காரணமாயிற்று.

ஆயின் அவ்விறுதிப் பகுதியிலுள்ள 97 அட்டைகளும் ஒரே கதியையே அடைந்தன. மேலும், நூறு இடங்கள் கொண்ட அச்சுத்தாளில் எஞ்சிய மூன்று இடங்களை நிரப்புவதற்காக முதல் மூன்று அட்டைகள் இருமுறை அச்சிடப்பட்டன. அம்மூன்றனுள் மான்ரிலின் அட்டையும் ஒன்றாகும். எனவே தொகையளவில் நோக்கின், அதே பகுதியைச் சேர்ந்த ஏனைய 94 அட்டைகளும் மான்ரிலின் அட்டையிலும் அருமையானவை. அதுவன்றி, மான்ரிலின் முதலாவது அட்டையும் இதுவன்று. அது 1951இல் போமன் கம்பனியால் வெளியிடப்பட்டதாகும். அவ்வாறிருந்தும் அருமை மிகுந்த அட்டைகள் அவ்விலையின் மிகச் சிறிய கூறினையும் பெறுவதில்லை. விலையை நிர்ணயிப்பது அருமை மாத்திரமன்று, புகழே என்பது இதனால் ஐயத்துக்கிடமின்றி விளங்கும்.

ரி-206 தொகுதியின் ஹோனஸ் வாக்னர் அட்டையின் கதையும் இத்தகையதே. பிற்ஸ்பேர்க் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரான அவர் தமது உருவத்தைப் பயன்படுத்த இசையாமையால் அச்சிடுதல் நிறுத்தப்பட்டது. புகையிலை வாங்கச் சிறுவரைத் தூண்டக்கூடாது என அவர் கருதினார் என்பர் சிலர். உரிய பணம் கிடையாமையே காரணம் என்பர் வேறு சிலர். இன்று அறியப்பட்ட பிரதிகள் ஏறத்தாழ அறுபது. 2022இல் ஒரு பிரதி 7.25 மில்லியன் டொலருக்குக் கைமாறிற்று. இவ்வட்டையின் பிரதிகளுள் மிகச் சிறந்த நிலையிலுள்ளது எனப் பல்லாண்டு போற்றப்பட்ட ஒன்றின் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீர்செய்ததாக ஏலக்காரர் ஒருவர் 2013இல் ஒப்புக்கொண்டமையும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. அட்டையின் தூய்மைக்கு விலை கொடுத்தோர் உண்மையிற் கத்தரிக்கோலுக்கே விலை கொடுத்திருந்தனர்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. பழைய அட்டைகள் விலையேறுவதைக் கண்ட அமெரிக்கர், 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் புதிய அட்டைகளை முதலீடாக வாங்கிக் குவித்தனர். 1981இற் புதிய கம்பனிகளும் களத்தில் இறங்கின. அட்டைகள் எண்ணற்று அச்சிடப்பட்டன. எல்லோரும் அவற்றைக் கசங்காமற் பேணினர். எல்லோரும் பேணியமையாலேயே அவை மதிப்பிழந்தன. எறியப்பட்டவை பொன்னாகவும் பேணப்பட்டவை குப்பையாகவும் மாறிய இம்முரண், சந்தை மதிப்பு வேறு, பொருளின் பெறுமதி வேறு என்பதைத் தெளிவாக உணர்த்துகின்றது.

'சாதாரண' அட்டைகள் கூறுவன

புகழ்பெற்ற ஆட்டக்காரர் அல்லாதோரின் அட்டைகளை அமெரிக்கச் சேகரிப்பாளர் 'கொமன்' என்பர். சாதாரணமானவை என்பது அதன் பொருள். எந்தவொரு தொகுதியிலும் மிகப் பெரும்பாலானவை இவையே. மதிப்புக் குறைத்து எண்ணப்படும் பழைய அட்டைகளை நாடுவோரைக் கவர்வன யாவை என்பதை இவற்றின்வழி ஆராயலாம்.

முதலாவதாக, வேறெங்கும் முகம் காட்டாத மனிதரை இவை காட்டுகின்றன. ரி-206 தொகுதியில் தென் மாநிலங்களின் சிறு லீக்குகளைச் சேர்ந்த 48 பேர் உள்ளனர். பெரும் அணிகளின் வரலாற்று நூல்களில் இவர்களுட் பலருக்கு இடமில்லை. அணிகளின் பெயர்களோ சிறு நகரங்களின் பெயர்கள். அட்டையொன்றைக் கையிலெடுத்து அதிலுள்ள குடும்பப் பெயரையும் ஊரையும் மட்டும் துணையாகக் கொண்டு அம்மனிதர் யார், எங்கு பிறந்தார், ஆட்டத்தை விட்டபின் என்ன தொழில் செய்தார் எனப் பழைய பத்திரிகைகளிலும் குடிசன மதிப்பீட்டு ஏடுகளிலும் தேடுவோர் உளர். மான்ரிலைப் பற்றி அறியவேண்டியவை யாவும் எழுதப்பட்டுவிட்டன. பெயரறியா ஆட்டக்காரர் விடயத்திற் சேகரிப்பாளரே ஆராய்ச்சியாளராகவும் மாறவேண்டியுள்ளது.

இரண்டாவதாக, காலத்தின் சுவடுகளை இவை தாங்கியுள்ளன. 1955ஆம் ஆண்டின் போமன் அட்டைகளில் ஆட்டக்காரரின் படம் மரத்தாலான தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டத்தினுள் அமைக்கப்பட்டுள்ளது. அமெரிக்க இல்லங்களிற் தொலைக்காட்சி குடிபுகுந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஆடுகளத்தை நேரிற் கண்ட மக்கள் பெட்டியினுள் காணும் மக்களாக மாறியதை அச்சட்டம் கூறிவிடுகின்றது. அதே தொகுதியில் நடுவர்களுக்கும் அட்டைகள் உண்டு. சிறுவர் விரும்பாத அட்டைகள் அவையாகவே இருந்திருக்கும். ஆயின் ஆட்டம் என்பது ஆடுவோரால் மட்டும் ஆக்கப்படுவதன்று என்பதை ஏற்றுக்கொண்ட தொகுதி அது.

மூன்றாவதாக, பயன்படுத்தியோரின் கைச்சுவடு இவ்வட்டைகளில் உண்டு. சிறுவர் அட்டைகளைச் சுவரை நோக்கி எறிந்து பந்தயம் ஆடினர். சைக்கிள் சக்கரக் கம்பிகளிற் செருகி ஒலி எழுப்பினர். ஆட்டக்காரர் அணி மாறியபோது பழைய அணியின் பெயரை வெட்டிப் புதிய பெயரைப் பென்சிலால் எழுதினர். 1952ஆம் ஆண்டுத் தொகுதியின் முதலாம் இலக்கம் அன்டி பவ்கோ என்ற ஆட்டக்காரருக்குரியது. சிறுவர் தம் அட்டைகளை இலக்க ஒழுங்கில் அடுக்கி இறப்பர் வளையத்தாற் கட்டியபோது மேலே இருந்து நெரிபட்டது அவ்வட்டையே. எனவே சிதைவற்ற பவ்கோ அட்டை மிக அரிதாயிற்று. சந்தை அச்சிதைவைக் குறை என்கின்றது. வரலாற்று மாணவன் அதனைச் சான்று என்பான். பழுதற்ற அட்டை எவராலும் தொடப்படாதது. பழுதுற்ற அட்டையோ வாழ்ந்தது.

அட்டையில் இடம்பெறாதோர்

சேகரிப்பின் வரலாற்றுப் பயன் அட்டையில் உள்ளோரை அறிவதோடு அமைவதில்லை. இல்லாதோர் யார் என்பதையும் அது கேட்கத் தூண்டுகின்றது.

1933ஆம் ஆண்டுக் கௌடித் தொகுதியில் பேப் றூத் என்ற புகழ்மிக்க ஆட்டக்காரருக்கு மட்டும் நான்கு அட்டைகள் உள. அதே ஆண்டிற் பிற்ஸ்பேர்க் கிறோபேர்ட்ஸ் என்ற கறுப்பின அணிக்காக ஆடிக்கொண்டிருந்த ஜோஷ் கிப்சனுக்கு ஓர் அட்டையேனும் இல்லை. பெரும் லீக்குகள் நிறபேதம் காரணமாகக் கறுப்பினத்தவருக்குக் கதவடைத்திருந்தன. அவர்கள் 1920 முதல் தமக்கெனத் தனி லீக்குகளை அமைத்து ஆடினர். அவ்வணிகளின் ஆட்டக்காரரைப் புகையிலை, சுயிங்கம் கம்பனிகளின் பெருந்தொகுதிகள் முற்றாகப் புறக்கணித்தன. 1911ஆம் ஆண்டளவில் முடிவுற்ற ரி-206 தொகுதியில் வெள்ளையரான ரை கொப் நான்கு அட்டைகளில் தோன்றுகின்றார். 2024இல் கறுப்பின லீக்குகளின் புள்ளிவிபரங்கள் பெரும் லீக்கின் ஏடுகளிற் சேர்க்கப்பட்டபோது, வாழ்நாள் அடித்தாட்டச் சராசரியில் அதே கொப்பை விஞ்சிக் கிப்சன் முதலிடம் பெற்றார். கிப்சன் 1947இல், தமது 35ஆவது வயதிற் காலமானவர். அவருடைய உருவம் தாங்கிய அட்டையொன்று பியூற்றோ றிக்கோவில் 1950-51 அளவில் வெளிவந்தபோது அவர் உயிருடன் இருக்கவில்லை.

தாய்நாடு மறுத்த இடத்தை அயல்நாடு வழங்கியது. கறுப்பின ஆட்டக்காரர் மாரிகாலத்திற் கியூபாவுக்குச் சென்று ஆடினர். அங்கு 1923-24ஆம் ஆண்டுக்குரிய சிகரெட் அட்டைகளில் ஒஸ்கார் சார்ள்ஸ்ரன் போன்றோர் காணப்படுகின்றனர். அவற்றைச் சிறுவர் தொகுப்பேடுகளில் ஒட்டியமையாற் பலவற்றின் பின்புறம் கிழிந்துள்ளது. நெடுங்காலம் அமெரிக்கச் சேகரிப்பாளர் பலர் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் ஒரு நாட்டின் அட்டைப் பதிவேட்டில் இருந்த பெரும் வெற்றிடத்தை நிரப்பியவை இக்கிழிந்த அட்டைகளே.

நிறத்தடை நீங்கிய பின்னரும் நினைவு சமமாகப் பங்கிடப்படவில்லை. 1947 ஏப்ரல் 15ஆம் திகதி ஜாக்கி றொபின்சன் புறூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். மூன்று மாதங்கள் நிறைவுறுமுன், யூலை 5ஆம் திகதி, லறி டோபி கிளீவ்லாந்து அணியிற் சேர்ந்து அமெரிக்க லீக்கின் முதற் கறுப்பின ஆட்டக்காரரானார். அவரும் அதே வசையையும் அதே தனிமையையும் அனுபவித்தார். 1952, 1954 ஆகிய ஈராண்டுகளிலும் 32 'ஹோம் ரன்' அடித்து அந்த லீக்கில் முதலிடம் பெற்றார். அவ்வாறிருந்தும் 'புகழ் மண்டபம்' அவரை 1998இலேயே ஏற்றது. கியூபாவில் பிறந்து, 1951இற் சிக்காகோ வைற் சொக்ஸ் அணியின் முதற் கறுப்பின ஆட்டக்காரரான மினி மினோசோவை அது 2022இலேயே, அவர் மறைந்து ஏழாண்டுகளின் பின்னரே, ஏற்றுக்கொண்டது. 1952ஆம் ஆண்டின் ரொப்ஸ் தொகுதியில் மினோசோ 195ஆம் இலக்கம். டோபி 243ஆம் இலக்கம். றொபின்சன் 312ஆம் இலக்கம். முன்னிருவரின் அட்டைகளும் றொபின்சனுடையதினும் மிகக் குறைந்த விலைக்கே விற்கப்பட்டு வந்துள்ளன. இரண்டாவதாக வந்தவரை உலகம் எவ்வாறு மறக்கின்றது என்பதற்கு அவ்விலை வேறுபாடே சான்றாகும். அத்தகைய அட்டையைத் தேடிப் பேணுபவர் தம்மை அறியாமலே ஒரு வரலாற்றுத் தீர்ப்பைத் திருத்துகின்றார்.

பேர்டிக் என்ற சேகரிப்பாளர்

இம்மரபின் மூலவராகக் கொள்ளத்தக்கவர் ஜெபர்சன் பேர்டிக் என்பவர். 1900இற் பிறந்த அவர் நியூயோர்க் மாநிலத்தின் சிரகியூஸ் நகரில் மின் உபகரணங்களைப் பொருத்தும் தொழிலாளியாக வாழ்ந்தார். செல்வமோ பட்டமோ அவரிடம் இருக்கவில்லை. மூட்டுவாத நோய் அவரது விரல்களைப் படிப்படியாக முடக்கிற்று. பேஸ்போல் அட்டைகள் மட்டுமன்றி, வாழ்த்தட்டைகள், விளம்பரத் துண்டுகள், தபாலட்டைகள் என அச்சிட்டு எறியப்பட்டவை யாவற்றையும் அவர் சேகரித்தார். 1939இல் அவற்றை வகைப்படுத்திப் பட்டியலொன்றை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ஓர் எழுத்து, இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு வேறோர் எழுத்து என அவர் வகுத்த முறையே இன்றளவும் வழங்குகின்றது. மேலே கூறப்பட்ட 'ரி-206' என்ற பெயர் அவர் இட்டதாகும். அவருடைய பட்டியலில் வாக்னர் அட்டையின் விலை 50 டொலர். ஏனைய அட்டைகளுட் பெரும்பாலானவற்றின் விலை ஒரு சில சதங்களே.

1947 தொடக்கம் பேர்டிக் தமது சேகரிப்பை நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் கலை நூதனசாலைக்கு வழங்கலானார். முந்நூறாயிரத்துக்கும் மேற்பட்ட அவ்வுருப்படிகளுள் ஏறத்தாழ முப்பதாயிரம் பேஸ்போல் அட்டைகளாகும். அச்சோவியப் பிரிவின் பொறுப்பாளராயிருந்த ஹயற் மேயர், உயர்ந்த ஓவியங்கள் வைக்கப்பட்டிருந்த மாளிகையிலேயே இச்சிறு அட்டைகளுக்கும் இடமளித்தார். பேர்டிக் பிற்காலத்தில் நூதனசாலைக்கே வந்து அமர்ந்து, நோயால் வளைந்த விரல்களால், அவற்றை ஏடுகளில் ஒட்டி ஒழுங்கு செய்தார். 1963 ஜனவரி 10ஆம் திகதி அப்பணி நிறைவுற்றது. இரண்டு மாதங்களின் பின்னர் அவர் காலமானார்.

பேர்டிக்கின் செயலை இன்றைய சந்தையின் அளவுகோலால் நோக்குவோர், அட்டைகளைப் பசையிட்டு ஒட்டியமை பேரிழப்பு என்பர். ஆயின் விற்பது அவரது நோக்கமன்று. ஒரு காலத்தின் அச்சுருவம் முழுமையாக ஓரிடத்தில் இருத்தல் வேண்டும் என்பதே அவரது எண்ணம். விலைமதிப்பற்ற வாக்னரும் பெயரறியாத சிறு நகர ஆட்டக்காரரும் அச்சேகரிப்பில் ஒரே இனத்தின் உறுப்பினராகவே இடம்பெற்றனர். விலையை முதன்மைப்படுத்தியிருந்தால் அவர் வாக்னரை மட்டும் காத்திருப்பார், ஏனையோர் அழிந்திருப்பர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மதிப்புப் பெறாத பழைய அட்டைகளின் மீதான ஈடுபாடு மலிவு கருதிய பொழுதுபோக்கு மாத்திரமன்று என்பது பெறப்படும். போட்டியும் ஏகபோகமும், உழைப்பும் கூலியும், சிறுவரின் விளையாட்டும் நிறபேதத்தின் கொடுமையும் இவ்வட்டைகளில் ஒருங்கே பதிவாகியுள்ளன. அப்பதிவு புகழ்பெற்ற ஒரு சில அட்டைகளில் அல்ல, எஞ்சிய ஆயிரக்கணக்கானவற்றிலேயே பரந்து கிடக்கின்றது.

எனினும் இவ்வீடுபாட்டினுள்ளும் ஓர் ஆபத்து உண்டு. இன்று மதிப்புக் குறைந்தது நாளை விலையேறும் என்ற கணக்கோடு அதனை வாங்குபவர், சந்தையின் தீர்ப்பை மறுப்பவர் அல்லர். அத்தீர்ப்பைச் சிறிது முந்திக்கொள்பவரே ஆவார். டோபியின் அட்டை றொபின்சனின் அட்டையளவு விலை பெறுதல் வேண்டும் என்பது நியாயத்தின் கோரிக்கையாகாது. டோபி யார் என்பது அறியப்படுதல் வேண்டும் என்பதே அக்கோரிக்கை. விலை உயர்ந்தால் அட்டை இரும்புப் பெட்டகத்தினுள் செல்லும். அறிவு உயர்ந்தால் அது கைக்குக் கை செல்லும்.

பேர்டிக் ஒட்டிய ஏடுகள் நூதனசாலையின் உடைமையாகவே பேணப்படுகின்றன. அவை ஏலத்துக்கு வருவதில்லை. அவற்றினுள், நூலிற் தொங்கும் பந்தைப் பிடிக்கக் கையுயர்த்தி நிற்கும் மனிதர்கள், தமக்கு ஒருபோதும் கிடைத்திராத புகழைப் பற்றிய கவலை ஏதுமின்றி, இன்னும் அசையாது நின்றுகொண்டிருக்கின்றனர்.